வெள்ளைப் பட்டைத் துப்பாக்கிகள்

என் மருமகனுக்குத் துப்பாக்கிப் பைத்தியம். பயப்பட வேண்டாம், பெங்களூரில் கணினி தட்டுகிற பிள்ளைதான். ஞாயிற்றுக்கிழமையானால் ஏதோ ஒரு கிளப்புக்குப் போய்க் காகிதத்தைச் சுட்டுவிட்டு வருவார். இந்தச் சீசனுக்கு வந்தவர், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் முதுகைக் கொடுத்துவிட்டு, எண்ணெய் படாத ஒரு விரலால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். மாமியார் நிற்கிற இடமா அது என்று கேட்காதீர்கள். துண்டுகளும் பேத்தியும் என் பொறுப்பில் இருந்தன.

துப்பாக்கிப் பிரியர்களுக்கு அறவே பிடிக்காத துப்பாக்கிகள் என்று யாரோ போட்டிருந்த பட்டியலை அவர் வாசித்துக்காட்டினார். தூக்க முடியாத கனம், ஒரு தடவைக்கு ஒரே குண்டு, விரல் வலிக்க இழுக்க வேண்டிய விசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. எல்லாவற்றுக்கும் அடியில், கேவலத்திலும் கேவலமாக ஒரு ரகம். குழாயில் துளை போட்டு, உள்ளே குண்டைத் தட்டுகிற ஊசியை எடுத்துவிட்டு, இனிமேல் சுடவே முடியாதபடி பண்ணிப் பயிற்சிக்கென்று வைத்திருப்பது.

"இதெல்லாம் துப்பாக்கியே இல்ல அத்த. வெறும் விறகு," என்றார்.

அந்த விறகைத்தான் மாப்பிள்ளை நான் கல்லூரியில் தூக்கிக்கொண்டு நடந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாரலில் நனைந்த மரப் பெஞ்சின் வாசனையும் நல்லெண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறிவிட்டது. கல்லூரிச் சிநேகிதி பாத்துவின் ஞாபகம் வந்தது. பேத்திக்குத் தலை துவட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

குற்றாலத்தில் இருந்த எங்கள் கல்லூரியின் தேசிய மாணவர் படைக்கு ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவைத் திறந்தால் சங்கிலி கோத்து நிறுத்திய இருபது துப்பாக்கிகள். ஊர்ப் பேச்சில் த்ரீ நாட் த்ரீ. எந்த வெள்ளைக்காரச் சிப்பாயோ எந்தச் சண்டையிலோ சுமந்து, பிறகு நம் போலீஸ்காரர் தோளில் தேய்ந்து, ஓய்வு பெற்ற காலத்தில் குழாயில் துளை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தவை. மறந்துபோய் யாரும் குண்டு போட்டுவிடக் கூடாது என்பதற்கு அடையாளமாக, மரக்கட்டையைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டில் பட்டை அடித்திருக்கும். பட்டைச்சாமிகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவள் பாத்து. கட்டைக்குப் பூச ஆளிவிதை எண்ணெய் வர வேண்டும். வராத மாதங்களில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹவில்தார் தன் வீட்டு நல்லெண்ணெயைக் கொண்டுவந்துவிடுவார். குற்றாலத்துக்கு வந்தால் துப்பாக்கிக்கும் எண்ணெய்க் குளியல்தான்.

பாத்துவின் முழுப் பெயர் மைதீன் பாத்து. தென்காசியில் வீடு. மேலகரத்தில் ஏறுகிற எனக்குத் தினமும் பஸ்ஸில் இடம் போட்டு வைத்திருப்பாள். அந்த இடத்துக்காகவே அவளோடு சிநேகமானேன் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவள் சொல்லித்தான் மாணவர் படையிலும் சேர்ந்தேன். பயிற்சி முடிந்தால் பூரி கிழங்கு உண்டு என்று அவள் சொன்னது ஒரு காரணம். பூரி உண்மைதான். ஆனால் நாலு கிலோ மரத்தையும் இரும்பையும் தோளில் வைத்து வெயிலில் நிற்க வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை.

எனக்கு அந்தத் துப்பாக்கி என்றாலே தோள்பட்டை வலிதான். அவளுக்கு அப்படியில்லை. பதினேழாம் நம்பர் அவளுடையது. நாங்கள் பூரிக்கு ஓடும்போது அவள் தரையில் குப்புறப் படுத்து, குழாயின் நுனியில் ஒரு பத்துப் பைசாவை வைக்கச் சொல்வாள். மூச்சைப் பிடித்து விசையை இழுப்பாள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காசு கீழே விழக் கூடாது. காசு வைக்கிற உத்தியோகம் எனக்கு. ஆரம்பத்தில் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு ஒட்டவைத்தது போல நின்றது.

"ஏட்டி, சுடவே சுடாத கட்டையப் புடிச்சுக்கிட்டு எதுக்கு இந்தப் பாடு படுத?" என்று ஒருநாள் கேட்டேன். பூரி ஆறிக்கொண்டிருந்த எரிச்சல்.

"சுடாதுல்லா, அதான்ட்டி நல்லது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது. கை மட்டும் பழகுது," என்றாள்.

கை எதற்குப் பழக வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் வாப்பா குவைத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தார். போனில் பேசினால் சம்பளம் கரைந்துவிடும் என்று கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அப்படி வந்த ஒரு கேசட்டை அவள் வீட்டு டேப் ரெக்கார்டரில் எனக்குப் போட்டுக் காட்டினாள். பின்னால் ஏசி இரைகிற சத்தம். உம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், தம்பியை ஒழுங்காக ஓதப் போகச் சொல்லு என்பதெல்லாம் முடிந்து, கடைசியில் அவளுக்கென்று கொஞ்சம்.

"சுடுத போட்டிக்கு டெல்லிக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு எழுதியிருந்த. அந்த அளவுக்குத் தெறம இருக்குன்னா வாப்பா தடுக்க மாட்டேன் பாத்து. போயிட்டு வா. படிச்சு முடி. போலீசுப் பரீச்சையும் எழுது. இல்லேன்னா மாமா சொல்லுத மாப்பிள்ள எடத்த இந்த வருசமே முடிச்சிருவோம்."

'தடுக்க மாட்டேன்' வரைக்கும்தான் அவள் கேட்பாள். நிறுத்திவிட்டுப் பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்பாள். அந்த இடத்தில் நாடா நைந்துபோய் வாப்பாவுக்குச் சளி பிடித்த குரலாகிவிட்டது.

வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் உண்மையான குண்டு. மலையடிவாரத்தில் ஒரு மண்மேடு, அதன் முன்னால் நம்பர் போட்ட பலகைகளில் இலக்குத் தாள்கள். துப்பாக்கியும் வேறு, சின்ன வகை. அதுவும் என் மருமகன் மூஞ்சியைச் சுளிக்கிற ரகம்தான், ஒரு தடவைக்கு ஒரு குண்டு. ஆளுக்கு ஐந்து. ஐந்து ஓட்டையும் யாருக்கு நெருக்கமாக விழுகிறதோ அவள் கல்லூரி சார்பில் மதுரைக்குப் போவாள். அங்கே ஜெயித்தால் டெல்லி.

அன்றைக்கென்று பார்த்துச் சாரல். ஐந்து ஐந்து பேராகத் தார்ப்பாயில் படுத்தோம். நான் மூன்றாம் நம்பர், எனக்கு வலப்பக்கம் பாத்து நாலாம் நம்பர். எனக்கு அப்போதே சோடா புட்டிக் கண்ணாடி. அது முழுக்கத் தண்ணீர். தெரிந்த வெள்ளையைக் குறிபார்த்து இரண்டு குண்டு சுட்டேன். மூன்றாவதற்கு முன்னால் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தேன். என் குழாய் வலப்பக்கம் திரும்பி நாலாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவசரமாகக் குழாயைத் திருப்பினேன். மிச்ச மூன்றையும் எங்கே சுட்டேன் என்று மலைக்குத்தான் தெரியும்.

ஹவில்தார் தாள்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், நல்ல மனிதர்.

"நாலாம் நம்பர்ல ஏழு ஓட்ட கெடக்கு. நான் அஞ்சு குண்டுதான குடுத்தேன்?" என்றார்.

ஐந்து ஓட்டைகள் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும். மற்ற இரண்டும் மூலைக்கொன்றாக இருந்தன. எது யாருடைய கை என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் கூட வந்திருந்த பெரிய அதிகாரி தலையை ஆட்டிவிட்டார். யார் சுட்டது என்று தெரியாத ஓட்டை இருந்தால் அந்தத் தாள் செல்லாது, அதுதான் விதி.

ஹவில்தார் எங்களைப் பார்த்துத் திரும்பினார். "தாளு மாறிச் சுட்ட பிள்ள கையத் தூக்குனா போதும். ஒண்ணும் ஏச மாட்டேன். மிச்சக் குண்டு அஞ்சு இருக்கு. இந்தப் பிள்ளைக்கு வேற தாளு ஒட்டிக் குடுத்துருதேன்."

என் தாளில் ஓர் ஓட்டைகூட இல்லை. எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு பேர் தாளும் அப்படித்தான், கண்ணை மூடிக்கொண்டு சுட்டவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொண்டேன். கையைத் தூக்குவது எவ்வளவு சின்ன வேலை! எல்லாரும் சிரிப்பார்களே என்ற வெட்கம், அவ்வளவுதான். அதைவிடக் கௌரவமான ஒரு காரணத்தை இத்தனை வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. ஹவில்தார் மூன்று தடவை கேட்டார். பாத்து ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

மதுரைக்கு வேறொரு பெண் போனாள். மறுநாளும் பாத்து எனக்குப் பஸ்ஸில் இடம் போட்டிருந்தாள். "சாரல் வேற பெஞ்சுட்டு. இல்லாட்டி நீயும் நல்லாத்தான் சுட்டிருப்ப," என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருடமே பாத்துவுக்குக் கல்யாணம் முடிந்தது. நெய்ச்சோறு சாப்பிட்டேன், போட்டோவில் பக்கத்தில் நின்றேன். புருஷனோடு வெளிநாடு போய் மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றுக்குத்தான் பதில் போட்டேன். மற்ற இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு எழுதுவோம், உண்மையைச் சேர்த்து எழுதுவோம் என்று நாளைக் கடத்தினேன். பிள்ளைகுட்டியோடு அவள் நன்றாகத்தான் இருந்தாள் என்கிறார்கள். இருந்திருப்பாள், அவள் சுபாவம் அப்படி. அதற்காக என் மனம் ஆறவில்லை.

இப்போது அந்த இரும்புக் கதவு அறையில் ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது. பட்டைச்சாமிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம், எங்கே என்று கேட்டால் தெரியவில்லை. மண்மேட்டைச் சமமாக்கி மனை போட்டுவிட்டார்கள்.

போன வருடம் பாத்து காலமாகிவிட்டாள் என்று தாமதமாகத்தான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பி வந்து, தென்காசியிலேயே நாலு வருடம் இருந்திருக்கிறாள். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். எனக்குத் தெரியாது. துக்கம் கேட்கப் போனபோது அவள் மகள் கதவைத் திறந்தாள். அதே ஒல்லி. பெயரைச் சொல்வதற்குள் என் கண்ணாடியைத்தான் உற்றுப் பார்த்தாள்.

"மாமி, நீங்க மூணாம் நம்பரா?"

அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"உம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் மாமி. சேக்காளி கண்ணாடி பூரா மழத்தண்ணி, அவ துப்பாக்கி என் தாளப் பாத்துத் திரும்பி நின்னுச்சு புள்ளன்னு. அப்பவே நீங்க சொல்லிருக்கலாம்லா உம்மான்னு கேப்பேன். அவ கையத் தூக்குவா தூக்குவான்னு பாத்துக்கிட்டே நின்னேன், அவளே தூக்கலன்னா நான் எப்படிக் காட்டிக்குடுப்பேன்னு சொல்லும்."

"ஆமாம்மா, நான்தான்," என்றேன். வலது கை தானாகவே கொஞ்சம் உயர்ந்தது. வேறு தாள் ஒட்டி, மிச்சமிருந்த அந்த ஐந்து குண்டுகளையும் பாத்துவிடம் எடுத்துக் கொடுக்கத்தான் யாரும் இல்லை.