நாரைத் திரைக்குப் பின்னால்

அன்செல்ம் மர்ஃபேங் இறந்துபோன செய்தி வந்ததும், பமியே ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேராவது ஒரு நிமிஷம் கையிலிருந்த வேலையை நிறுத்தியிருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஸ்டியரிங்கை அவர் தொடவே மாட்டார். பக்கத்து சீட்டில் அமர்ந்து, தன் காலடியிலிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். கார் நின்றுவிடும். ஓட்டியவர், தானே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார். அன்செல்மும் அதை மறுத்ததில்லை.

அப்படி நினைத்துக்கொண்டவர்களில் ஒருவர் முசியே செரிசியே. ஓய்வு பெற்ற நோட்டரி. மூன்று முறை ஓட்டுநர் தேர்வில் தோற்றவர். போர் நினைவுச்சின்னத்தைச் சுற்றியிருந்த இரும்புச் சங்கிலியை இடித்து இழுத்துக்கொண்டு போனவர் என்பது ஊருக்கே தெரியும்; ஊரில் யாரும் அவர் எதிரில் சொல்வதில்லை. அவர்தான் ஃபோரே இசைத்தட்டுச் சங்கத்தின் தலைவர்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே இந்த ஊரில்தான் பிறந்தார். தவழக்கூடத் தொடங்காத வயதில் பக்கத்துக் கிராமத்துச் செவிலித்தாயிடம் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் ஊருக்கும் அவருக்கும் பெரிய உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவருடைய இசையைப் புரிந்துகொள்ளும் உரிமை தங்களுக்கு ரத்தத்திலேயே வந்துவிட்டது என்று சங்கத்தார் நம்பினார்கள். அதிலும் இளவயது இசை அவர்களுக்கு ஆகாது. அதெல்லாம் கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்பது. கிழவராகி, காது கெட்டு, உச்ச சுரமும் அடி சுரமும் பிறழ்ந்து கேட்ட காலத்தில் எழுதினாரே, அந்தப் பியானோ இசையும் மூவர் இசையும்தான் அவர்களுக்கு வேண்டும். ஏனென்றால் அதை ஊரில் வேறு யாரும் கேட்பதில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம். செரிசியே வீட்டு மாடியில், அவருடைய பாட்டியின் படுக்கையறையிலிருந்து வந்த மடக்குத் திரை ஒன்றை விரித்து வைப்பார்கள். அதில் நாரைகள் வரைந்திருக்கும். திரைக்குப் பின்னால் ஒருவர் அமர்ந்து, ஒரே இசையை மூன்று குழுவினர் வாசித்த மூன்று இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவார். யார் வாசித்தது என்று சொல்ல மாட்டார். முன்னால் இருப்பவர்கள் கேட்டு, ஆராய்ந்து, கைதூக்கித் தீர்ப்புச் சொல்வார்கள். பின்னால் இருப்பவருக்கு விடை தெரியும் என்பதால் அவருக்கு வாக்கு கிடையாது. வாய் திறக்கவும் கூடாது.

முதல் கூட்டத்தில் யார் தட்டுப் போடுவது என்று கேட்டபோது, "நான் போடறேனே" என்றார் அன்செல்ம். இருபத்தைந்து வருஷம் அவரே போட்டார்.

இதில் அவருடைய மனைவி மிரேய்க்கு எரிச்சல் உண்டு. கூட்டம் நடக்கும் நாளில் ஆப்பிள் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போவது அவள் வேலை. போய் மூலையில் உட்கார்ந்து, பெரிய மனிதர்கள் பேசுவதைக் கேட்பாள். திரும்பி வரும் வழியில் காருக்குள் தொடங்கிவிடுவாள்.

"அவனுங்க எல்லாரும் நாற்காலியில சாஞ்சு உட்கார்ந்து அளக்கறானுங்க. நீ மட்டும் திரைக்குப் பின்னால, வேலைக்காரன் மாதிரி. உனக்கு வெக்கமா இல்ல?"

"எனக்கும் நாற்காலி இருக்கே."

"நீ பேசினா குடியா முழுகிப்போகும்?"

"பின்னால சத்தம் நல்லாக் கேக்குது, மிரேய். கியர் மாத்து."

காரை ஓட்டுவது அவள். பிரேக்கின் மேல் கால் அவருடையது.

ஆஸ்பத்திரியில், பேச்சு குறைந்துவிட்ட பிறகு, அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தகனத்தப்போ அந்த மூணு பொண்ணுங்க வாசிச்சதைப் போடு. ஃபோரேயோட மூவர் இசை. நடுப்பகுதி மட்டும் போதும்."

"எது, செரிசியே கேவலமாப் பேசுவானே, அதுவா?"

"அதேதான். அது ஓடறப்ப யாரும் பேசாமப் பாத்துக்க. முக்கியமா அவன்."

"சத்தியமா" என்றாள் மிரேய். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவருக்குச் செய்துகொடுத்த முதல் சத்தியம் அது.

அந்த மூன்று பெண்கள் தூலூஸ்காரிகள். பியானோ, வயலின், செல்லோ. பெயர் தெரியாத ஒரு கம்பெனி வெளியிட்ட தட்டு. வருஷாவருஷம் ஃபோரே பிறந்தநாள் கூட்டத்துத் தீர்ப்பில் அதற்குக் கடைசி இடம்; பாரிஸ் மூவர் குழுவின் தட்டுக்கு முதல் இடம். பாரிஸ் தட்டைச் சங்கத்துக்கு வாங்கிக்கொடுத்தவர் செரிசியே.

மிரேய் வீட்டில் அந்தத் தட்டு இல்லை. சங்கத்து அலமாரியில் இருந்தது. சாவி செரிசியேயிடம். துக்கம் கேட்க வந்தவரிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"மதாம், மர்ஃபேங் எங்க ஆளு" என்றார் செரிசியே, கையுறையைக் கழற்றியபடி. "எங்க ஆளைப் போய் அந்தப் பொண்ணுங்க வாசிப்போட அனுப்பிவெச்சா, தூலூஸ்லேருந்து வர்றவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"உங்களைப் பத்தி எதுக்கு நினைக்கப்போறாங்க? செத்தது அவரு."

"துக்கத்துல பேசறீங்க, புரியுது. ஒண்ணு செய்வோம். திரை வெச்சுக் கேட்டுத் தீர்மானிப்போம். அவருக்கும் அதுதான் பிடிச்சிருக்கும். அவரு இடத்துல நீங்க உட்காருங்க. அது ஒரு கௌரவம்."

கெஞ்சினால் அவர் இன்னும் உயரமாகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். சரி என்றாள். போட்டியில் அந்தப் பெண்கள் தோற்கத்தான் போகிறார்கள் என்றும் தெரியும். தோற்றால் அந்தத் தட்டைத் திருடிக்கொண்டு ஓடிவிடுவது என்று தீர்மானித்துப் பெரிய பையாக எடுத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் மூவர். செரிசியே, பல் டாக்டரின் விதவை மதாம் பொமியெஸ், லத்தீன் வாத்தியாராக இருந்த ரூமங்காஸ். இரங்கல் தெரிவிக்கும் விதமாக இன்று மது வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டு, பிறகு மறைந்தவரின் நினைவாக ஒரு கிளாஸ் மட்டும் குடித்தார்கள்.

மிரேய் திரைக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு சின்ன நாற்காலி. அதில் அன்செல்மின் மெத்தை, நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்து, எடுத்துவைத்திருந்த மூன்று தட்டுகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். ஜெர்மன்காரர்கள் வாசித்தது ஒன்று. பெண்கள் வாசித்தது ஒன்று. அதன் உறை ஓரமெல்லாம் தேய்ந்து, பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. மூன்றாவது, பாரிஸ் தட்டு.

பாரிஸ் தட்டின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை.

திருப்பிப் பார்த்தாள். ஓரங்களைத் தடவினாள். கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு பிளாஸ்டிக்கின் மேலேயே மஞ்சளாகிப்போயிருந்தது. இத்தனை வருஷமாக முதல் பரிசு வாங்கிய தட்டு, "இதோ பாரிஸ்!" என்று செரிசியே தொடையைத் தட்டிக்கொண்ட தட்டு, ஒரு முறைகூட வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

அப்படியானால் அவர்கள் எதைக் கேட்டார்கள்?

தேய்ந்த உறையைப் பார்த்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்து, இருமலாக்கிவிட்டாள்.

"மதாம்," என்றது செரிசியேயின் குரல், திரைக்கு அந்தப் பக்கமிருந்து. "பின்னால இருக்கறவங்க சத்தம் போடக் கூடாது."

"மன்னிச்சுக்குங்க, முசியே."

சிரிப்பு போன கையோடு கோபம் வந்தது. பாவி மனுஷன்! ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? வேலைக்காரன் என்று நான் திட்டித் தீர்த்தபோதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாரே! சொல்லியிருந்தால் அடுத்த நாளே மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது நான் ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன் என்பதும் அவளுக்கு உடனே தோன்றியது. அவர் மனைவியை அறிந்தவர்தான்.

பெண்களின் தட்டை எடுத்து வைத்தாள். கிளட்சை விடுவது போல மெதுவாக இறக்கணும் என்று அவர் சொன்ன நினைவு. ஊசியை நடுப்பகுதியின் தொடக்கத்தில் இறக்கினாள். வில் கம்பியைத் தொடும் முன் செல்லோக்காரி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு இசை வந்தது. உயரப் போகவும் இல்லை, ஆழத்தில் இறங்கவும் இல்லை. நடுவிலேயே, யாரையும் கூப்பிடாமல், நடந்துபோயிற்று.

முடிந்ததும் ரூமங்காஸ் தொடங்கினார். "பியானோ மாட்டு வண்டி. சக்கரத்துக்கு எண்ணெய் போடணும்."

"அந்த செல்லோ மூச்சு விடறது கேக்குதே!" என்றாள் மதாம் பொமியெஸ். "இசையில மூக்குக்கு என்ன வேலை?"

"அந்தப் பொண்ணுங்கதான்," என்றார் செரிசியே. "சந்தேகமே இல்ல. தள்ளுங்க."

மிரேய் ஊசியைத் தூக்கினாள். பொறுமையாக உறைகளைச் சரசரக்கவிட்டாள். அதே தட்டில், அதே இடத்தில், மறுபடி இறக்கினாள்.

"ஆங், இது ஜெர்மன்" என்றார் ரூமங்காஸ். "சுத்தம். ஆனா சில்லுன்னு இருக்கு. துவைச்சுக் காயப்போட்ட துணி."

மூன்றாவது முறையும் அதையே போட்டாள். செல்லோக்காரியின் மூச்சு வந்தது. முன்பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. செரிசியே முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். இசை முடிந்தது. மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அந்த மூச்சு!" என்றாள் மதாம் பொமியெஸ், அழுதபடி. "கடைசி மூச்சு மாதிரி இல்ல?"

"இதோ பாரிஸ்" என்றார் செரிசியே, தொடையைத் தட்டியபடி. "வித்தியாசத்தைக் காது கேக்காதவன்கூடச் சொல்லிடுவான்."

மூன்று கைகள் உயர்ந்தன. மிரேய் பெண்களின் தட்டைத் தேய்ந்த உறையிலிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பாரிஸ் தட்டை அதன் பிளாஸ்டிக்கோடு அலமாரியின் அடியில் தள்ளியிருந்தாள்.

"தகனத்துக்காக டேப் நாடாவுல பதிவு பண்ணினதும் தட்டைத் திருப்பித் தந்துடுங்க, மதாம். சங்கத்துச் சொத்து."

"பத்திரமா வெச்சிருப்பேன், முசியே."

தூலூஸ் பக்கத்துத் தகனக் கூடத்தில், செரிசியே நீளமாகத்தான் பேசினார். மறைந்தவரைப் பற்றிக் கொஞ்சமும், சங்கத்தைப் பற்றி நிறையவும். பேசி முடித்து, மிரேய்க்கு நேர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஒலிபெருக்கியில் முதலில் வெறும் இரைச்சல். பிறகு அந்தப் பெண்ணின் மூச்சு. சவப்பெட்டி தகன அறைக் கதவை நோக்கி மெல்ல நகரத் தொடங்கியது.

மிரேயின் தோளுக்குப் பின்னால் சூடாகக் காற்றடித்தது.

"கேட்டீங்களா, மதாம்? பாரிஸ்னா பாரிஸ்தான். அந்தப் பொண்ணுங்களுக்கு இதெல்லாம்..."

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடம் நிறைய ஆட்கள். ஒரு வாக்கியம் போதும். ஆனால் சொல்லத் தொடங்கினால் இசை முடியும்வரை அந்த மனிதரின் குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவள் திரும்பவில்லை.

"பின்னால இருக்கறவங்க சத்தம் போடக் கூடாது, முசியே."

செரிசியே வாயை மூடிக்கொண்டார். தானாகவே மூடிக்கொண்டதாகத்தான் நினைத்திருப்பார். இசை நடுவிலேயே நடந்து, கதவு மூடியபின்னும் கொஞ்ச நேரம் நடந்தது.