மாமாவின் சாம்பல் நிற விமானம்

உலகத்தில் எத்தனையோ விமானங்கள் இருக்க, என் மாமாவுக்கு ஆளில்லாமல் பறக்கிற ராணுவ விமானத்தின் மேல்தான் ஆசை வந்தது. அம்மாவின் கடைசித் தம்பி அவர். பதுளை டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை. அவர் கைபட்டுப் பிழைத்த போன்களைவிடச் செத்த போன்களே அதிகம் என்பது அப்பாவின் கருத்து. அந்த மனிதர் ஒரு டிசம்பர் விடுமுறையில், டிவி பெட்டிக்குள் வருகிற வெள்ளை ரெஜிபோம் துண்டுகளையும் ஒரு மோட்டரையும் தூக்கிக்கொண்டு, பசறைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

விளையாட்டாகப் பறக்கவிட அந்த வடிவம் சரிப்படுமா என்று வாசலில் பெரிய வழக்கே நடந்தது.

"எறக்கை நீளம் அத்தான், மெதுவாப் போனாலும் விழாது. காத்தாடி பின்னால இருக்கு, மூக்கு குத்தினாலும் ஒடையாது. பேட்டரி வைக்க மூஞ்சியில எவ்வளவு எடம் பாருங்க" என்றார் மாமா.

"வாலு கீழ தொங்குதே, எறங்குறப்ப மொதல்ல அதுதான் போகும். சாம்பக் கலர் வேற. இந்தப் பனிமூட்டத்துல எங்க போய்த் தேடுவ? செவப்பு அடி" என்றார் அப்பா.

"ராணுவப் பிளேனு செவப்புல இருக்குமா அத்தான்?"

"வேலியில போற ஓணானப் புடிச்சு மடியில விட்டுக்கிறியே, எனக்கென்ன" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

முதல் முயற்சியில் அப்பா சொன்னதுபோல வால்தான் போனது. மாமா காற்றைத் திட்டினார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்றாள் அம்மா. நான் டேப் சுற்றி ஒட்டிக் கொடுத்தேன். பின்பக்கக் காற்றாடி, இறக்கை கலைத்துவிட்ட காற்றையே திரும்ப வெட்டுவதால் இரைச்சல் கூடுதலாம். அதிலும் மாமாவுக்குச் சந்தோஷம். அசல் சத்தமே இதுதான் என்று குதித்தார்.

இந்தக் கூத்தை எட்டிப் பார்க்காத ஒரே ஆள் சித்தி. அம்மாவுக்குத் தங்கை, மாமாவுக்கு அக்கா. கல்யாணம் கட்டி வன்னிக்குப் போனவள், யுத்தம் முடிந்த பிறகு ஒரு பையோடு தனியாகத் திரும்பி வந்திருந்தாள். போட்டோவில் அவள் இடுப்பில் இருந்த சின்னப் பிள்ளை எங்கே என்று ஒருமுறை கேட்டு, அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினேன். பள்ளிக்கூடத்துக்காக அங்கேயே நிற்கிறதாக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் சித்திக்கு உதவியாள் வேலை கிடைத்திருந்தது. என் தம்பியும் அங்கேதான் கிடப்பான். அந்த வேலைக்குப் போன பிறகுதான் சித்தி ஒழுங்காகச் சோறு தின்னத் தொடங்கினாள். அந்த வேலை போய்விடக் கூடாதே என்று அம்மா தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்வாள்.

அன்றைக்கு மத்தியானம் நான்தான் ஓடிப்போய் விமானத்தை எறிந்தேன். விழவில்லை. இரண்டு வட்டம் அழகாகப் போட்டுவிட்டு மூட்டத்துக்குள் நுழைந்தது. பிறகு அதைக் காணவே இல்லை, சத்தம் மட்டும் சுற்றியது. லயத்துக்கு மேலே கேட்டது. பிறகு தேயிலை அரைக்கும் ஸ்டோர் பக்கம். பிறகு பிள்ளைக்காம்பராவின் தகரத்துக்கு நேர் மேலே. மாமா ரிமோட்டைப் பிடித்தபடி வானத்தை வெறித்தார். நிறுத்தினால் யார் தலையில் விழுமோ என்ற பயம் அவருக்கு.

அப்போதுதான் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

ஓடினோம். பால் கொடுக்க வந்த தாய்மார் வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏணைத் தொட்டில்கள் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் பிள்ளை இல்லை. பெரியம்மா என்று நாங்கள் கூப்பிடும் பொறுப்பாளர் மருந்து எடுக்கப் போயிருந்தார். சித்தியையும் காணோம். இத்தனை பிள்ளைகள் போயும் எந்தத் திசையிலும் ஒரு சிணுங்கல்கூட இல்லை. அம்மா என் தம்பியின் ஏணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ மாரியாத்தா" என்றாள். மேலே அந்தச் சத்தம் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் பேட்டரி தீர்ந்து அது நின்றது. எங்கேயோ செடிக்குள் பொத்தென்று விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, பின்பக்கத்துத் தேயிலைக்குள் யாரோ இருமினார்கள். மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய கானுக்குள்ளிருந்து சித்தியின் தலை எழுந்தது. எங்களைப் பார்க்கவில்லை. முதலில் வானத்தைப் பார்த்தாள்.

"சத்தம் போடாதீங்க. போயிருச்சான்னு பாக்குறேன்" என்றாள்.

கானுக்குள் சாக்கு விரித்து, பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்திருந்தாள். மேலே அவளுடைய சேலை. ஒவ்வொரு வாயிலும் துணியில் கட்டிய சீனி முடிச்சு. அதைச் சப்பிக்கொண்டு எல்லாம் விழித்தபடி கிடந்தன. அந்த முடிச்சுகளைச் சித்தி தினமும் விடியற்காலையில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டுதான் வேலைக்கு வருவாள் என்று பெரியம்மா பிறகு சொன்னார்.

தாய்மார் பாய்ந்து தங்கள் பிள்ளைகளை அள்ளினார்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள்கூட இருந்தாள். சித்தி மட்டும் கானைவிட்டு ஏறாமல், ஈரச் சாக்கைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணு கொறையுதே" என்றாள்.

நான் எல்லா இடுப்பிலும் விரல் நீட்டி எண்ணினேன். "சரியாத்தான் இருக்கு சித்தி, ஒங்களுக்குக் கணக்கே வராது" என்று சிரித்தேன். திட்ட வாய் திறந்தவள் தன் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சித்தியின் மடியில் வைத்தாள். மறுநாள் காலையில் ஒரு தாய்கூடப் பிள்ளையைச் சித்தியின் கையிலன்றி வேறு கையில் கொடுக்கவில்லை.

மாமா அன்று மாலையே விமானத்தைத் தேடியெடுத்து, முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் போட்டார். ஏன் மாமா, நன்றாகத்தானே பறந்தது என்று கேட்டேன். அந்த வடிவம் விளையாடுறதுக்குச் சரிப்படாது என்றார். வாலைச் சொல்கிறார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.