குதிரையின் வாய்க்கொழுப்பு

என் மகளின் குதிரைக்கு வாய்க்கொழுப்பு என்று முதலில் சொன்னவன் நான்தான். கடிவாளம் மாட்டினால் தலையை உதறும். வாய்க்குள் இருக்கும் இரும்பை மென்றுகொண்டே இருக்கும். தாடையை ஒரு பக்கமாகக் கோணும். எதிர்த்துப் பேசும் பெண்களைச் சொல்லும் சொல்லை ஒரு பெண்குதிரைக்கு வைத்தேன். அது நிலைத்துவிட்டது. பக்கத்தில் மரவள்ளி போட்டிருக்கும் அம்மாள்கூட வேலியோரம் நின்று கேட்பார்.

"ஏனுங்க சார், வாய்க்கொழுப்புக்காரி இன்னிக்காச்சும் சொன்னபடி கேட்டாளுங்களா?"

"எங்கீங்க கேக்கறா."

"அப்ப உங்க புள்ளயாட்டமேதான்னு சொல்லுங்க."

மகள் கணவனைப் பிரிந்து மலைக்கு வந்தபோது குதிரையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாளாம். செம்மேட்டுக்கு மேலே எங்கள் மிளகுத் தோட்டத்தில் ஒரு துண்டைச் சமன் செய்து மணல் கொட்டினோம். அவள் பழகியது டிரஸாஜ் என்னும் நளினமான சவாரி. ஓட்டுபவர் விரலை அசைத்தால் போதும், குதிரை அதை வாயில் உணர்ந்து அளவாக அடி எடுத்து வைக்க வேண்டும். வாய் அமைதியாக இல்லாத குதிரை அதற்கு உதவாது.

நான் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடம் சொன்னவன். இளமையில் மாணவர் படையின் குதிரைப் பிரிவில் இருந்தவன். ஆகவே இரும்பைத் தேர்ந்தெடுப்பது என் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதலில் நடுவில் ஒரே மூட்டு உள்ள இரும்பு. இழுத்தால் பாக்குவெட்டிபோல மடங்கும். பிறகு நடுவில் அவரைவிதை அளவுக்கு ஒரு துண்டு வைத்தது. பிறகு மூட்டே இல்லாதது. எதுவும் சரிப்படவில்லை. தடித்த இரும்பு வாய்க்கு மென்மை, மெல்லியது அறுக்கும் என்று நான் படித்திருந்தேன். அதனால் ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடத் தடித்ததாக வரவழைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்சலை வாங்கிக்கொண்டு ஏறி வரும்போது இந்தத் தடவை சரியாகிவிடும் என்று தோன்றும். குதிரை இன்னும் மோசமானது.

"வாயைத் திறந்து நல்லாப் பார்த்துடலாமாப்பா?" என்றாள் மகள்.

"வந்தப்பவே பல்லைப் பார்த்துட்டேன் கண்ணு. இது பழக்கம். மூக்குவாரை இறுக்கிக் கட்டினா அடங்கிரும்."

"வேண்டாம். அவ ஏதோ சொல்றா. வாயைக் கட்டிட்டா எப்படித் தெரியும்?"

அடுத்த நாள் காலை அவள் ஹெல்மெட் எடுக்க உள்ளே போன நேரத்தில், குதிரையின் மூக்கைச் சுற்றி வரும் அந்த வாரை இரண்டு ஓட்டை இறுக்கினேன். நான் சொன்னதுதான் சரி என்று காட்டுவதற்காக. வேறு காரணம் ஏதாவது உண்டா என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தேன். இல்லை.

மகள் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்ததும் குதிரை வாயைத் திறக்கப் பார்த்தது, முடியவில்லை. முன்னங்கால்களைத் தூக்கி நேராக எழுந்தது. அவள் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் ஓடினேன். ஓடிப்போய் முதலில் குதிரையைப் பிடித்து வாரைத் தளர்த்தினேன். அதன் பிறகுதான் மகளிடம் போனேன்.

கையில் கட்டுப் போட்டு வந்த பின் அவள் குதிரைப் பக்கமே போகவில்லை. விற்றுவிடலாம் என்றாள். முன்னங்கால் தூக்கி ஆளைத் தள்ளிய குதிரை என்று தெரிந்ததும் சவாரிப் பள்ளிகள் எதுவும் வாங்க முன்வரவில்லை. சேலத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர் ஒருவர் மட்டும் வந்து ஓட்டிப்போவதாகச் சொன்னார். அங்கே முள் வைத்த கடிவாளமும் மேளச் சத்தமும்தான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இன்னொரு தடவை விழ என்னால முடியாதுப்பா," என்றாள். நான் தலையாட்டினேன். வாரை இறுக்கியதை அப்போதும் சொல்லவில்லை.

அவர் வருவதற்கு முந்தின நாள் பலாச்சுளை ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். குதிரை என் கையைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. வெகுநேரம் காத்திருந்து, வாயை மெல்லத் திறந்து பார்த்தேன். நாக்கு தடித்து, கீழ்த்தாடை கொள்ளாமல் இருபுறமும் பிதுங்கி நின்றது. மேலண்ணம் தாழ்ந்திருந்தது. நாக்கின் ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்த நீலம் பாய்ந்த காயம். மெல்லிய இரும்புக்கே இடம் போதாத அந்த வாயில் நான் தேடித்தேடித் தடித்ததைத் திணித்திருக்கிறேன். வாய்க்கொழுப்பு என்று நான் வைத்த பேரில் தப்பில்லை. கொழுத்திருந்தது நாக்கு, அவ்வளவுதான். எத்தனையோ மாணவர்களுக்குக் குதிரையின் வாயைத் திறந்து காட்டியவன், இந்த ஒரு வாயில் பல்லை மட்டும் எண்ணிவிட்டு மூடியிருந்தேன்.

மகள் வாசலில் ஒற்றைக் கையால் மிளகைக் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அன்னிக்கு மூக்குவாரை நான்தான் இறுக்கினேன்."

"எப்ப?"

"நீ ஹெல்மெட் எடுக்கப் போனப்ப."

"நான் விழுந்து கிடந்து பார்க்கறப்ப வாரு தொங்கிட்டு இருந்துச்சே?"

"நீ கிடக்கறப்பவே தளர்த்திட்டேன்."

மிளகைக் கிளறிய கை நின்றது.

"என்னைப் பார்க்கறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"என் கைதான் கனமாப் போச்சு, நான்தான் அழுத்தி இழுத்துட்டேன்னு இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்தேன்," என்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். அவள் பேசியது கேட்டது. "இல்லீங்க, குதிரையைக் குடுக்கலீங்க. வர வேண்டாமுங்க."

இப்போது அவளே தேர்ந்தெடுத்த மெல்லிய இரும்பு, நாக்குக்கு இடம்விட்டு வளைந்தது, அந்த வாயில் இருக்கிறது. குதிரை முழுக்க மாறிவிடவில்லை. சில நாள் தலையை உதறுகிறது. அன்றைக்கு அவள் இறங்கிவிடுகிறாள். மணிக்கட்டு சரியாகக் கூடாததால் கடிவாளம் பூட்டி முடிப்பதற்குள் அவளுக்கு முகம் வியர்த்துவிடுகிறது. நான் வேலிக்கு வெளியே நிற்கிறேன்.

"நான் பூட்டட்டுமா?" என்று நேற்றும் கேட்டேன்.

"வேண்டாம்ப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.