எந்த நீர் என்று நான் கேட்கவில்லை

கோமதிக்கு முதலில் வந்தது தலைவலிதான். விடிந்து எழும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். ஒரு தரம் வாந்தி எடுப்பாள். பத்து மணிக்கெல்லாம் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள். ஐந்து வயது. பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்று நினைத்து இரண்டு முறை முதுகில் அடித்தும் இருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் கை கூசுகிறது.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. நாங்கள் தென்காசியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சுரண்டை பஸ்ஸில் கண்டக்டர். என் அண்ணனுக்குக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக்கடை. அந்தக் கடையில் வளர்ந்தவள் நான். தலைவலி, இருமல் என்றால் தெருவில் நாலு பேர் என்னிடம் கேட்டுப் போவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஆனி மாதம் பிள்ளைக்கு நடை தள்ளாடியது. டாக்டரிடம் தூக்கிப் போனோம். வெளியூர்க்காரர், படிப்பு முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். எங்களுக்குப் புரியட்டும் என்று நல்ல தமிழில் சொன்னார்.

"தலைக்குள்ளே நீர் கோத்திருக்கும்மா. இங்கே பார்க்க முடியாது. கடிதம் தர்றேன். சீக்கிரம் மெட்ராஸ் கொண்டு போங்க."

எங்கள் பக்கத்தில் தலையில் நீர் கோத்திருக்கிறது என்றால் நீர்க்கோவை என்று அர்த்தம். ஈரத்தலையோடு படுத்தால் வரும், மூக்கடைக்கும், நெற்றி கனக்கும், நாலு நாளில் போய்விடும். குற்றாலச் சாரல் அடிக்கிற ஊரில் அது வராத வீடு கிடையாது. அதற்கென்றே மாத்திரை உண்டு. இழைத்து நெற்றியில் பற்றுப் போட வேண்டும்.

அண்ணன் கடையில் நின்று சொன்னபோது அவன் சிரித்தான். "ஏட்டி, நீர்க்கோவைக்கா மெட்ராஸ் போவ? கேட்டா ஊரே சிரிக்கும்."

நானும் சிரித்தேன். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

வீட்டுக்காரர் மட்டும், "ஒரு நடை போயிட்டு வந்திருவோமா?" என்று இரண்டு தரம் கேட்டார். "சீசன் நேரத்துல ஒங்களுக்கு லீவு குடுத்திருவானாக்கும்" என்று நான்தான் வாயை அடைத்தேன்.

காலையில் பற்றுப் போடுவேன். கொதிநீரில் நொச்சி இலை போட்டு ஆவியில் வேது பிடிப்பேன். பத்து மணிக்குப் பிள்ளை எழுந்து விளையாடுவாள். மருந்து கேட்கிறது என்று நம்பினேன். படுத்திருக்கும்போது தலைக்குள் அழுத்தம் கூடும், எழுந்து நடமாடினால் சற்றுக் குறையும், அந்த நோயின் போக்கே அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. தானாகக் குறைந்த வலிக்கு நான் பேர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஆடிக் கடைசியில் வடகரையிலிருந்து நாத்தனார் குடும்பம் குளிக்க வந்தது. கோமதியின் தலையில் துணியைச் சுற்றி, தண்ணீர் பட்டுவிடாமல் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். பேரருவிக்கு நேர் எதிரே நின்றோம். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அருவி எங்கன இருக்கு? சத்தம் மட்டும் கேக்குது."

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். அவள் கண் ஆடவில்லை. அங்கிருந்து டாக்டர் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் சொன்னது வேற நீரும்மா" என்றார். மூளைக்குள் எல்லாருக்கும் நீர் உண்டாம். அது தினமும் ஊறும், தினமும் வடியும். இவளுக்கு வடிகிற வழி அடைத்துவிட்டது. அதற்குப் பெயர் ஹைட்ரோகெபலஸ் (மூளையின் அறைகளில் நீர் வடியாமல் தேங்கி அழுத்துவது). அந்த அழுத்தம் கண் நரம்பைக் கெடுத்திருந்தது.

மெட்ராஸில் பெரிய டாக்டர், "உயிரைக் காப்பாத்தலாம். போன பார்வைக்கு வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். "ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் காகிதத்தில் எழுதத் தொடங்கினார். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அவர் பேசியிருக்கலாம் என்று பல வருடம் ஏங்கியிருக்கிறேன்.

ஷண்ட் (தேங்கும் நீரைக் கழுத்து வழியாக இதயத்துக்கு இறக்கிவிடும் மெல்லிய குழாய்) வைத்தார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் சுண்டைக்காய் அளவு ஒரு மேடு. காலையில் அதை விரலால் அழுத்தவேண்டும். அமுங்கி உடனே எழுந்தால் குழாய் ஓடுகிறது. எழ நேரமானால் மெட்ராஸ்.

தலைவலி போயிற்று. நடை திரும்பியது. கண் திரும்பவில்லை. வலது கண்ணில் வெளிச்சமும் அசைகிற நிழலும் தெரியும், அவ்வளவுதான்.

ஆபரேஷனோடு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழாய் இரண்டு முறை அடைத்தது. இரண்டு முறையும் அதே ரயில், அதே வார்டு. மாம்பழம் தின்று பிள்ளை வாந்தி எடுத்தாலும் என் விரல் காதுக்குப் பின்னால் போய்விடும். மற்றவர்களுக்கு வாரம், மாதம் என்று நாள் நகரும். எனக்கு ஒரு காலையிலிருந்து அடுத்த காலை வரைக்கும்தான் காலம். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பு இருந்ததில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. டாக்டர் சொல்கிற சொல் உங்களுக்குத் தெரிந்த சொல்லாக இருந்தால், அப்போதுதான் அதிகமாகக் கேள்வி கேளுங்கள். தெரியாத சொல்லைச் சொல்லியிருந்தால் நான் பயந்தாவது ரயில் ஏறியிருப்பேன்.

கோமதிக்கு ஒன்பது வயதானபோது ஒருநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவளை உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனேன். திரும்பும்போது அச்சன்புதூர் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண் அவள் பக்கத்தில் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"தனியா இருக்கியே பிள்ளே, ஒங்கம்மை எப்படி இருப்பா? நான் தேடிக் கூட்டியாரேன்."

"எங்கம்மையா? கன்னம் ரெண்டும் உப்பலா இருக்கும். தலைமுடி கருகருன்னு இருக்கும். சின்ன வயசுதான்."

அவள் கடைசியாகக் கண்ட முகம் அது. முப்பது வயதில் என் தலை பாதி நரைத்து, கன்னம் ஒட்டிப்போனது அவளுக்குத் தெரியாது.

அந்தப் பெண் நிமிர்ந்து கூட்டத்தில் தேடினாள். குறுக்கே தம்ளரோடு நின்ற என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க ஆச்சி, இந்தப் பிள்ளையோட அம்மையைப் பாக்கணும்" என்றாள்.

நான் தள்ளி நின்றேன். பிறகுதான், நான்தான் அது என்று சொன்னேன்.