ஏழாம் மாசத்துல கனடாவுக்கு ஒரு டிக்கெட்

பிளைட் டிக்கெட் போடுறவனுக்கு வானத்தப் பத்தி ஒண்ணும் தெரிய வேண்டாம்; வர்றவங்க வீட்டுக் கதை மட்டும் முழுசாத் தெரிஞ்சிருக்கணும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்னைய மாதிரி கடை போட்டு உக்காந்திருக்கிற பாவப்பட்ட ஆளுங்களுக்கு நான் சொல்றது புரியும். அதுலயும் மாசமா இருக்கிற பொண்ணுக்கு டிக்கெட் போடுறதுன்னா, அந்தக் குடும்பத்துக்கே நாம சொந்தக்காரன் ஆயிருவோம். ரெட்டியார்சத்திரம் தங்கவேல் அண்ணன் குடும்பத்துக்கு நான் அப்படித்தான் ஆனேன்.

ரெண்டு கணக்கு

தங்கவேல் அண்ணன் தக்காளி வெவசாயம். மக மலரக் கூட்டிக்கிட்டு வந்தாரு. மாப்பிள்ளைக்குக் கனடாவுல வேலை, லீவு இல்ல. வளைகாப்புக்காக மலர் மட்டும் வந்திருந்துச்சு. "அவரு பக்கத்துல இருக்கும்போதுதான் பெத்துக்குவேன். போன்ல புள்ளையக் காட்டுறதுக்கு நான் ஆளில்ல"ன்னு வந்ததுமே சொல்லிருச்சு. அண்ணன் சொன்னாரு: "இப்ப ஏழு நடக்குது. எட்டுல பயணம் ஆகாது. ஒம்பது பொறந்ததும் ஒரு டிக்கெட் போடுங்க தம்பி."

ஸ்கேன் பேப்பரப் பாத்தா இருபத்தொம்பது வாரம். வீட்டுல நாள் தள்ளிப் போனதுலருந்து எண்ணுறாங்க. டாக்டரு அதுக்கும் நாலு வாரம் முந்தியே ஆரம்பிச்சிர்றாரு. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சட்டம். நான் பாத்த கம்பெனி, முப்பத்திரண்டு வாரத்துக்கு மேல ஏத்த மாட்டாங்க. அண்ணனோட ஒம்பதாம் மாசம் டாக்டரு கணக்குல முப்பத்தாறு. "மூணு வாரத்துக்குள்ள கெளம்பணும்ணே, இல்லாட்டி பிரசவம் இங்கதான்"னேன். மலர் மூஞ்சி செத்துப்போச்சு. அண்ணன் செத்த நேரம் வெரல மடக்கி எண்ணிப் பாத்தாரு. மூணு வாரம் அவரு கணக்குல ஏழாம் மாசத்துக்குள்ளயே அடங்கிருச்சு. "வளைகாப்ப முன்னாடி வச்சுக்கிறோம், போடுங்க. டாக்டரு எத்தன வாரம் வேணும்னாலும் எண்ணிக்கிடட்டும் தம்பி, எட்டாம் மாசத்துல எம்மக படி தாண்டக் கூடாது, அம்புட்டுத்தான்."

பக்கத்துச் சீட்டு

டாக்டரம்மா பாத்துட்டு, போகலாம்னு லெட்டரும் எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு நடக்கணும், உக்காந்திருந்தாலும் பாதத்த ஆட்டிக்கிட்டே இருக்கணும், தண்ணி நெறையக் குடிக்கணும், காலு வீங்காம முழங்கால் வரைக்கும் இறுக்கமான சாக்ஸ் போடணும், சீட்டு பெல்ட்டு வயித்துக்குக் கீழ, இடுப்போட படியணும். மலர் எல்லாத்தையும் போன்ல ஏத்திக்கிச்சு.

நானும் நடக்குற வழிய ஒட்டி, பாத்ரூமுக்குக் கிட்ட ஒரு சீட்டுப் புடிச்சேன். மலரோட அம்மா பாண்டியம்மாக்கா கம்ப்யூட்டர்ல சீட்டுப் படத்தப் பாத்தாங்க. "பக்கத்துல யாரு?"ன்னாங்க. அது தெரியாதுக்கா, ஆம்பளையா இருந்தாலும் இருக்கலாம்னேன். என்னைய ஏற எறங்கப் பாத்துட்டுச் சொன்னாங்க: "வத்தலகுண்டு பஸ்ஸுல கூட பொம்பள பக்கத்துல பொம்பளையத்தான் உக்கார வைக்கிறான். இம்புட்டுத் தூரம் போறதுக்கு அந்த மரியாத இல்லையா?"

வளையல் அளவு

வளைகாப்புக்கு என்னையும் கூப்பிட்டாங்க. கலவை சாதத்தச் சாப்டுட்டு வந்துருவோம்னுதான் போனேன். உள்ள எட்டிப் பாத்தா, மலரோட அத்தை கண்ணாடி வளையல இறுக்கி இறுக்கி ஏத்துறாங்க. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் இடமில்ல. பிரசவம் வரைக்கும் கழட்ட மாட்டாங்க. நீண்ட பயணத்துல கையும் வீங்கும், கையில இறுக்கமா எதுவும் போடாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்துருச்சு.

பொம்பளைங்க கூட்டத்துல வாயத் தொறந்தேன்: "ஒரு அளவு பெருசாப் போடுங்கம்மா." எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. மலர் மட்டும், "அண்ணன் சொல்றது சரிதான் அத்த, இப்பவே வலிக்கிது"ன்னுச்சு. அத்தை ஒவ்வொண்ணாக் கழட்டி, பெருசா ஏத்திக்கிட்டே சொன்னாங்க: "டிக்கெட்டுப் போட வந்தவரு வளையலுக்கு அளவு சொல்றாரு. விட்டா, புள்ளைக்குப் பேரும் இவரே வச்சிருவாரு."

சாமி படத்துக்கு முன்னாடி

மதுரையில மதியம் ஒன்றரைக்கு மொதப் பிளைட்டு, அப்புறம் மாறிப் போகணும். நான் காலையில ஏழு மணிக்கே கெளம்பணும்னுட்டேன். இம்புட்டுச் சீக்கிரமாவான்னு எல்லாரும் திட்டுனாங்க. நானும் அவங்களோட கார்ல போனேன். கொடைரோட்டுக்கிட்ட வந்ததும், டாக்டரம்மா லெட்டரு எங்கன்னு கேட்டேன். அது இல்லாம ஏத்த மாட்டாங்க. பாண்டியம்மாக்கா பையத் தடவுனாங்க. அப்புறம் வாயில கை வச்சாங்க. நல்லபடியாப் போய்ச் சேரணும்னு சாமி படத்துக்கு முன்னாடி வச்சு, திருநீறு போட்டு, அங்கனயே வச்சுட்டு வந்துட்டாங்க.

"போச்சுப்பா, அவரு இல்லாமயே பொறக்கப் போகுது"ன்னு மலர் அழ ஆரம்பிச்சிருச்சு. அண்ணன் பாண்டியம்மாக்காவ வைய வாயெடுத்தவரு, மகளப் பாத்துட்டு அடக்கிக்கிட்டாரு. நான் எப்பவும் எனக்கு வண்டி ஓட்டுற டிரைவர் முருகேசனப் பாத்தேன். அவன் வண்டியத் திருப்புனான். வீட்டுக்குப் போயி, லெட்டர எடுத்து, திரும்பி மதுரைக்கு வந்து சேந்தப்ப மணி பதினொன்ற. "நேரம் இருக்கா, நெசமாவா?"ன்னு அண்ணன் நம்பாமக் கேட்டாரு. முருகேசன் சிரிச்சான்: "நீங்க எதையாச்சும் மறப்பீங்கன்னு அதுக்கும் சேத்துத்தான் இவரு டைம் சொல்லுவாரு."

எங்கள உள்ள விடமாட்டாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னோம். கவுண்டர்ல இருந்த பொண்ணு லெட்டர ரெண்டு தடவ படிச்சுச்சு. மலர் திரும்பி, வளையல் கைய உயரத் தூக்கி ஆட்டுச்சு. பாண்டியம்மாக்கா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க: "கூட்டத்துல எவனும் இடிக்காம இருக்கணும்."

போட்டோ

போய் எறங்குனதும் மலர் போன் பண்ணுச்சு. சொன்ன மாதிரியே நடந்துக்கிட்டே போயிருக்கு. கனடா பிளைட்டுல பக்கத்துல இருந்தது ஒரு வெள்ளக்காரத் தாத்தா. இது எந்திரிக்கும்போதெல்லாம் அவரும் வம்படியா எந்திரிச்சுக் கூட நடந்தாராம்.

ரெண்டு மாசம் கழிச்சு தங்கவேல் அண்ணன் ஒரு கூடை தக்காளியோட வந்தாரு. பாண்டியம்மாக்காவும் அவரும் போறதுக்குப் பாஸ்போர்ட்டு எப்ப வரும்னு கேட்டாரு. அப்புறம் போன நீட்டுனாரு. ஆஸ்பத்திரிக் கட்டில், பேத்தி, பக்கத்துல மாப்பிள்ளை. "புள்ளையும் அழுவுது, மாப்பிள்ளையும் அழுவுறாரு, எம்மக ஒண்ணுதான் சிரிக்குது பாருங்க தம்பி."

இத்தன பேரு சேந்து அனுப்பிவச்ச பயணம் இது; ஆனா கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்ல பாத்தா அன்னைக்கு அந்தச் சீட்டுல போனது ஒரே ஒரு ஆளுன்னுதான் இன்னமும் இருக்கு.