அவள் பெயரில் சேர்ந்த தொகுப்பு

மகள் எழுதும் நிரலை அவள் அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறை படிப்பது வழக்கம். கல்லூரியில் கணினி அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு அப்போது வேறு வேலை இல்லை. தொற்றுக் காலமாகையால் அவளுடைய சென்னை நிறுவனம் எல்லோரையும் வீட்டிலிருந்தே பணிசெய்யச் சொல்லியிருந்தது. கள்ளக்குறிச்சியில் எங்கள் மாடி அறையில் அமர்ந்து, ஒரு சர்க்கரை ஆலைக்கான மென்பொருளைத் திருத்திக்கொண்டிருந்தாள். யாருடைய கரும்புக்கு எப்போது வெட்டு உத்தரவு போக வேண்டும் என்பதை அந்த மென்பொருள்தான் தீர்மானிக்கும்.

சேர்ந்து செல்ல வேண்டிய திருத்தங்களை ஒரு தொகுப்பாகக் கட்டி, மாற்றியதன் காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்புவார்கள். குழுத்தலைவர் படித்து ஒப்புக்கொண்டால் அது மூல நிரலில் சேரும். எழுதியவர் பெயர் அதனுடனேயே நிற்கும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. சேலம் சாலையில் மறியல் நடந்த அன்று, காணொளிக் கூட்டத்தில் குழுத்தலைவர் பேசியது எனக்கும் கேட்டது. அவர் சின்னசேலத்துக்காரர், சென்னையில் குடியேறியவர்.

"இன்னாம்மா, உங்க ஊர்ல பஸ்ஸே ஓடலியாமே. இருக்கிற கோட்டா பத்தலியா? அதுல வந்தவங்க தொகுப்ப நான் ரெண்டு வாட்டி பாக்க வேண்டியதா இருக்குது."

சிலர் சிரித்தார்கள்.

"மூணு வாட்டி பாருங்க சார். தப்பு கெடச்சா சொல்லுங்க" என்றாள் மகள்.

அதன்பின் அவளுடைய தொகுப்புகள் சிறியவையாயின. ஒரு சின்னத் திருத்தத்தை வேறொன்றுடன் சேர்த்துவிடலாமே என்று ஒருநாள் சொன்னேன்.

"வேணாம்பா. அது வேற காரணம். ஒண்ணா கட்டிட்டா, ஒண்ணு சரியில்லன்னு மொத்தத்தையும் தள்ளிடுவாங்க."

அவர் தள்ளவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. தொகுப்புகள் வரிசையில் கிடந்தன. அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பவில்லை.

கருமாதி முடிந்தபின் குழுத்தலைவர் துக்கம் விசாரிக்க வந்தார். வரிசையில் கிடப்பவை அவள் பெயரில் சேர வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"அவங்க அக்கவுண்ட்ட மூடிட்டாங்க சார். வேற பேருக்கு மாத்தித்தான் சேக்க முடியும்."

"எழுதியவர் பெயரைக் குறிக்கத் தனி இடம் உண்டு. நிர்வாகி குறிக்கலாம்."

"பாக்கறேன் சார்" என்றார்.

கரும்பு வெட்டுக் காலத்தில், ஊருக்குப் போகும் வழியில் மீண்டும் வந்தார்.

"நீங்க கேட்டாப்புல அவங்க பேர்லயே சேத்துட்டேன் சார்."

மடிக்கணினியைத் திறந்து காட்டினார். ஒரே ஒரு தொகுப்பில் அவள் பெயர் இருந்தது. காய்ச்சல் கண்ட அன்று பாதியில் விட்டது அது. 'முடியவில்லை, சேர்க்க வேண்டாம்' என்று அவள் அதற்கு எழுதியிருந்தாள். அந்த வரி இப்போது இல்லை.

"இதுலதான் சார் கொஞ்சம் பிரச்சினை ஆயிடுச்சு. மறுதாம்பு, அதான் வெட்டின கட்டைல தழச்ச கரும்பு, அதுக்கு மொதல்ல போவ வேண்டிய உத்தரவு கடைசியா போயிடுச்சு. மணலூர்பேட்டை பக்கம் கரும்பு காஞ்சிகினு கெடக்குதுன்னு ஆலைல சண்ட. பரவால்ல, எறந்தவங்கள யாரு இன்னா கேக்கப் போறாங்க."

"மற்றவை?"

"அதெல்லாம் என் பேர்ல இருக்குது. நான்தான சார் ரிவ்யூ பண்ணி சரி பண்ணேன்."

அவற்றைத் திறக்கச் சொல்லிப் படித்தேன். ஏற்கெனவே நான் படித்த வரிகள்தாம். ஓர் எழுத்தும் மாறியிருக்கவில்லை.

"அவள் பெயரில் உள்ளதைத் திரும்பப் பெறுங்கள்" என்றேன்.

"எப்பவோ எடுத்தாச்சு சார். ஆனா பேரு போவாது. சேத்ததும் நிக்கும், எடுத்ததும் நிக்கும். உங்களுக்குத் தெரியாததா."

தெரியும். ஒருமுறை சேர்ந்தது எதுவும் அழியாது என்பதை இந்த முறையின் சிறப்பென்று வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னவன் நான். அவள் பெயர் இனி அந்த ஆலையின் நிரலில், காய்ந்த கரும்புக்குப் பக்கத்தில், இருக்கும். நான் கேட்டது பெயரைத்தான். அவர் அதைக் கொடுத்துவிட்டார்.

காபி போடட்டுமா என்று கேட்டேன். பஸ் போய்விடும் என்றார்.