நாலாவது பத்தில் மூன்று ரோஸ் மணி

அண்ணன் செத்த முப்பதாம் நாள் ஜெபத்தில் நான் சிரித்துவிட்டேன். சும்மா புன்னகை இல்லை. அவன் போட்டோவுக்கு முன்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் தண்ணி வரச் சிரித்தேன். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

முதலியார்பேட்டையில் பைக் பட்டறையில் வேலை அவனுக்கு. சாயங்காலம் வந்ததும் கையைக் கழுவியும் கழுவாமலும் செபமாலையை எடுப்பான். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் "அருள் நிறைந்த மரியே" மந்திரத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர் சொல்லி முடிக்க வேண்டும். பத்து மணி முடிந்தால் அடுத்த பத்து. முன்பாதி அவன், பின்பாதி நான். கடலூர் பஸ் மாதிரிப் பறப்பான். நாலாவது பத்து மட்டும் இழுத்துக்கொண்டே போகும்.

"இன்னும் முடியலியாண்ணா?"

"எண்ணாத. பதில் சொல்லுடி."

ஆறு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாதாவிடம் எவ்வளவோ கெஞ்சினேன். அவன் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் என் வாய் சும்மா காத்திருந்தது. யாராவது தொடங்கினால் முடிக்கத்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ஜெபித்தவர்களோடு உதட்டை மட்டும் அசைத்தேன். அவனுக்காக ஒரு ஜெபம்கூடச் சொல்லவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் தெருக்காரர்கள் வீடு நிறைய வந்தார்கள். அத்தைதான் ஜெபம் நடத்தினார். மூன்று பத்து முடிந்ததும் அண்ணனின் செபமாலையை என் மடியில் போட்டார்.

"நாலாவது நீ சொல்லு."

"எனக்கு வராது அத்த."

"வராட்டி இன்னா? மணி இருக்குல்ல, அது இட்டுனு போவும்."

அந்த மாலையை அன்றுதான் முதல்முறை கையில் பிடித்தேன். கிரீஸ் வாசனை. கண்ணை மூடித் தொடங்கினேன். முன்பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் பின்பாதி வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மணி. அதற்கடுத்தது. பத்து முடிந்து அத்தை முடிப்பு ஜெபமான "பிதாவுக்கும்" என்று தொடங்க, என் விரலில் இன்னும் மணி இருந்ததால் நான் மறுபடி "அருள் நிறைந்த" என்று போனேன். பாதிப் பேர் அத்தை பக்கம், பாதிப் பேர் என் பக்கம்.

"ஏய், பத்து முடிஞ்சிட்ச்சிடி!"

"மணி இருக்கே அத்த!"

கண்ணைத் திறந்தேன். பத்து மரமணிக்கு அப்புறம் மூன்று ரோஸ் கலர் பிளாஸ்டிக் மணி. நான் கையில் போட்டிருந்த பாசியின் மணி! போன வருஷம் அது காணாமல் போனபோது கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து என்னோடு தேடியவன் இவன்தான். அதே சமயம் செபமாலை பைக் ஹேண்டில்பாரில் மாட்டி அறுந்தபோது தூண்டில் நரம்பில் அவனே கோத்திருக்கிறான்.

"திருட்டுப் பயலே!" என்று போட்டோவைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

முதலில் சிரித்தது அம்மா. முப்பது நாளில் முதல்முறை. அப்புறம் நான். அப்புறம் வீடே.

அத்தை முந்தானையில் கண்ணைத் துடைத்தார். "சரி, மிச்சத்தையும் சொல்லி முடி. பாதில உடக் கூடாது."

விக்கி விக்கிச் சொன்னேன். அவர்களும் விக்கி விக்கி முடித்தார்கள்.

கணக்குத் தப்பிக் கோத்தானா, எனக்காகக் கோத்தானா, கேட்க அவன் இல்லை. இப்போது தினமும் முன்பாதி நான், பின்பாதி அம்மா. நாலாவது பத்தில் அம்மாவுக்குக் கால் மரத்துவிடும்.

"இன்னும் முடியலியாடி?"

"எண்ணாதம்மா. பதில் சொல்லு."